காவல் கூலி

1896ஆம் வருஷத்துச் சென்னை மாகாணப் போலீஸ் நிர்வாக அறிக்கையில், எண்களும் பட்டியல்களும் நிறைந்த வறண்ட பக்கங்களுக்கு நடுவே, மதுரை ஜில்லாவில் நடந்த ஒரு கிளர்ச்சியைப் பற்றிய விவரம் இருக்கிறது. அதில், சாட்சி ஒருவர் சொன்னதாக, ஆறு மாத காலம் களவு என்பதே அற்றுப்போயிற்றென்றும், ஜனங்கள் இறைவைச் சால்களைக்கூடக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு வீடு திரும்பினார்களென்றும் ஒரு செய்தி வருகிறது. பம்புசெட்டுக் காலத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் செய்தியின் கனம் எளிதில் விளங்காது. கமலை கட்டி இறைத்த நாளில், வேடசந்தூர் வட்டாரம் போன்ற மேட்டாங்காட்டுச் சீமையில், ஒரு குடியானவனுடைய ஆஸ்தி என்பது நிலத்துக்கு அடுத்தபடியாக ஒரு ஜோடி மாடும், ஒரு சாலும், அதன் தோல் தும்பியும், வடக்கயிறும்தான். நிலத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது, மாட்டைத் தொழுவத்தில் கட்டி வாசலில் படுத்துக்கொள்ளலாம். ஆனால் சாலும் வடமும் அந்தி சாய்ந்ததும் தோளேறி வீடு வந்து சேர்ந்தாக வேண்டும், அன்றேல் மறுநாள் காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை. அத்தகைய சால் ஆறு மாதம் இரவெல்லாம் கிணற்று மேட்டிலேயே கிடந்தது என்றால், அது அந்தச் சீமையார் அதற்கு முன்னர் கண்டறியாத ஒரு அமைதி.

அந்த நிர்ப்பயத்தை ஜனங்களுக்கு அளித்தது போலீசும் அன்று, கலெக்டர் கச்சேரியும் அன்று. ஆடு மேய்க்கும் கோனார்களும் மற்றக் குடியானவர்களும் கூட்டம் கூடி, ஏர்க்கலப்பையின்மேல் சத்தியம் செய்து, தங்களுக்குள்ளேயே ஆள் வைத்துத் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட காவல் அது. யாருக்கு எதிராக ஏற்படுத்திக்கொண்டார்கள் என்று கேட்டால், விடை விசித்திரமாக இருக்கும்: தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் கூலி கொடுத்துவந்த காவல்காரர்களுக்கு எதிராக. இந்த விசித்திரம் எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்த்தாலன்றி, அவ்வருஷத்துத் தீயும் ரத்தமும் வெறும் சாதிச் சண்டையாகவே தோன்றும்.

வேடசந்தூர் இன்று திண்டுக்கல் ஜில்லாவில் ஒரு தாலுகாத் தலைநகர்; அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்த திண்டுக்கல் தாலுகாவின் வடபாகத்தில், கரூர்ச் சாலையின்மீது கிடந்த ஊர். தென்மேற்கே பழனி மலைத் தொடரும், தெற்கே சிறுமலையும் மேகங்களைத் தடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் இந்தச் சமவெளிக்கு அனுப்புகின்றன. ஆறு என்ற பெயரை மழைக்காலத்தில் மாத்திரம் மெய்ப்பிக்கும் குடகனாறு, நம் நாட்டு ஆறுகள் பலவற்றுக்கு மாறாக, வடக்கு நோக்கி ஓடுகிறது. சோளமும் கம்பும் நிலக்கடலையும், கிணற்றுத் தண்ணீர் உள்ள இடத்தில் புகையிலையும் விளையும் பூமி இது. இத்தகைய பூமியில் ஆட்டுக்கிடை வைத்திருப்பவன் ஒரு முக்கியஸ்தன். அறுவடை முடிந்த காட்டில் இரவுதோறும் கிடை மறித்தால்தான் மண்ணுக்கு எரு. ஆனால் கிடை என்பது சுவரில்லாத செல்வம். கதவும் பூட்டும் இல்லாமல், வானத்தின் கீழே, நாலு பக்கமும் பாதை திறந்த வெளியில் இருநூறு ஆடு படுத்திருக்கும்போது, அதைக் காப்பது ஒரு கிழவனும் ஒரு நாயும் என்றால், உண்மையில் அதைக் காப்பது ஊராருடைய சம்மதம்தான்.

அந்தச் சம்மதத்துக்கு ஒரு விலை இருந்தது. காவலுக்கு வரி கொடுப்பது இந்த நாட்டில் புதிய வழக்கம் அன்று. சோழர் காலத்துச் சாசனங்களிலேயே பாடிகாவல் என்று ஒரு இறை குறிக்கப்படுகிறது. நாயக்கர்கள் மதுரைச் சீமையைப் பாளையங்களாகப் பகிர்ந்து கொடுத்தபோது, வழிப்போக்கரையும் ஊர்களையும் காக்கும் பொறுப்பும், அதற்கான தேசகாவல் என்ற வரியும் பாளையக்காரர்களுக்குச் சேர்ந்தன. ஊரளவில் இருந்த காவல் தலங்காவல் எனப்பட்டது. திண்டுக்கல் சீமையில் விருப்பாட்சி, கன்னிவாடி, இடையகோட்டை, பழனி, ஆயக்குடி, வேடசந்தூருக்கு அண்டையிலுள்ள எரியோடு என்று பாளையங்கள் நெருக்கமாக இருந்தன. ஆகவே காவல் உரிமைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. காவல்காரன் என்றால் அந்நாளில் கௌரவப் பெயர். அவனுடைய கையில் வேல் இருந்தது, அந்த வேலுக்கு ஒரு நியாயமும் இருந்தது.

அந்த நியாயத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் உடைத்தார்கள். 1790ல் திண்டுக்கல் கோட்டையைத் திப்புவின் படையிடமிருந்து பிடித்து, 1792ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சீமை முழுவதையும் தங்களுடையதாக்கிக்கொண்ட பின்னர், பாளையக்காரர்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். அந்தக் கூட்டணிக்குத் தலைவராயிருந்த விருப்பாட்சிக் கோபால நாயக்கர் 1801ல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அவ்வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதி வெளியான பிரகடனம் ஜனங்கள் ஆயுதம் தரிப்பதைத் தடுத்தது. தேசகாவல் உரிமையைக் கம்பெனி தன்வசம் எடுத்துக்கொண்டது. 1816ஆம் வருஷத்து 11ஆம் ரெகுலேஷன் கிராம மணியக்காரர்களிடத்திலும் தலையாரிகளிடத்திலும் ஊர்க்காவலை ஒப்புவித்தது. 1859ல் பிறந்த போலீஸ் சட்டம் காக்கும் தொழிலுக்குச் சம்பளமும் உடுப்பும் கொடுத்தது. சட்டப் புத்தகத்தைப் பொறுத்தவரை பழைய காவல் அத்துடன் முடிந்தது.

களத்துமேட்டில் அது முடியவில்லை. போலீஸ் ஸ்டேஷன் எங்கோ இருந்தது. கிடையோ இங்கே இருந்தது. மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி திருமங்கலம் பக்கத்து வறண்ட நாடுகளில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர்களுக்குக் காவல் ஒரு குலத்தொழிலாகவே இருந்து வந்தது. அவர்களுடைய காவல் மதுரை ஜில்லாவின் பல தாலுகாக்களிலும் பரவியிருந்தது. இந்தக் குடிக்காவலின் நிபந்தனை மிக எளியது: அறுவடைக் காலத்தில் களத்திலேயே தானியமாகக் கூலி, சில ஊர்களில் தீர்வையில்லாத நிலம், அதற்குப் பதிலாக, களவு போகாமல் காப்பது, போனால் மீட்டுத் தருவது, மீட்க முடியாவிட்டால் அதன் மதிப்பைக் கொடுத்துவிடுவது. இன்றைய இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பத்துப் பக்கத்துப் பொடியெழுத்தில் எழுதியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை, களவுபோன மாடு எங்கே இருக்கிறது என்பது காவல்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே. அது தெரிந்திருக்கிறவனுக்கும் அதை ஓட்டிச் சென்றவனுக்கும் நடுவிலுள்ள தூரம் எப்போதும் மிகவும் சிறியது. ராஜாவும் பாளையக்காரரும் மேலே இருந்தவரை அந்தத் தூரத்தை அளந்து பார்க்க ஒருவர் இருந்தார். கம்பெனி சர்க்கார் அந்த மேற்கூரையைப் பிரித்துவிட்டு, கீழே இருந்த தூணை அப்படியே நிற்க விட்டது. அதற்குப் பிறகு கூலி பாக்கி விழுந்த வீட்டில் ஆடு காணாமற்போவதும், வைக்கோற்போரில் எப்படியோ நெருப்புப் பிடிப்பதும் வழக்கமாயின. களவு போனால் போலீசில் எழுதிவைப்பதில் லாபமில்லை. துப்புக்கூலி என்ற பெயரில், பொருளின் விலையில் பாதிவரை ஒரு தரகர் மூலமாகக் கொடுத்தால், மறுநாள் காலையில் சொன்ன இடத்தில் மரத்தடியில் மாடு கட்டியிருக்கும். இதை எல்லாரும் அறிவார்கள், கலெக்டரும் அறிவார், ஆனால் சாட்சி சொல்ல ஒருவனும் வரமாட்டான்.

இதைக்கொண்டு ஒரு ஜனசமூகம் முழுவதையுமே பழிப்பது பெரும் பிழை. அவர்களுள் ஏர் உழுது பிழைத்தவர் பலர். காவல் வாக்கைப் பிராணனிலும் பெரிதாக எண்ணியவர்களும் உண்டு. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் இந்தத் தென்சீமையை வாட்டியபோது, மேட்டு நிலத்துக்காரன் எந்தச் சாதியாயினும் ஒரே பட்டினிதான் கிடந்தான். 1895ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பெரியாற்று அணையைத் திறந்து, மேற்கே ஓடிய நதியை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அந்தத் தண்ணீர் மதுரை மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்ததேயொழிய, உசிலம்பட்டி மேட்டுக்கு ஏறவில்லை. காவல் கூலியை விட்டால் வேறு ஜீவனம் இல்லாதவனிடம் காவலை விடு என்று சொல்வது சுலபம்.

கிளர்ச்சியைத் தொடங்கியவர் கோனார் ஒருவர். எல்லாருக்கும் முன்னால் ஆட்டுக்காரர்களே எழுந்ததில் ஆச்சரியமில்லை, ஏனெனில் கூலி பாக்கிக்காக ஜப்தி செய்யப்படுவதும் ஆடுதான், களவு போவதும் ஆடுதான், துப்புக்கூலி கொடுத்து மீட்கப்படுவதும் ஆடுதான். இந்த இடத்தில் உத்தியோகஸ்தர்கள் ஒரு கதை சொல்கிறார்கள்: காவல்காரன் ஒருவன் கோனார் குலப் பெண் ஒருத்தியையும் பின்னர் அவள் மகளையும் கவர்ந்து சென்றானாம், அந்தக் கோபத்தில் பிறந்ததாம் இவ்வளவும். நடந்திருக்கலாம், ஆனால் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் ஊர் ஊராகத் திரண்டதற்குக் காரணம் ஒரு பெண் விஷயம்தான் என்று சொல்லிவிட்டால், தொண்ணூறு வருஷமாக அந்த ஊர்களுக்குக் காவல் அளிக்கத் தவறிய சர்க்காரைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டாமல் போகிறது. ட்ராய் நகரத்துச் சண்டை முதல் அதிகாரிகளுக்கும் கவிகளுக்கும் இந்தச் சௌகரியம் உண்டு.

கிளர்ச்சிக்காரர்கள் செய்த ஏற்பாடுதான் நம் கவனத்துக்கு உரியது, ஏனெனில் படிப்பறிவு குறைந்த ஜனங்கள், ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு அரசாங்கத்துக்கு வேண்டிய அங்கங்களையெல்லாம் சில மாதங்களுக்குள் செய்துகொண்டார்கள். முதலில் சத்தியம்: உழவனுக்குக் கலப்பையைவிடப் பெரிய தெய்வமில்லை, அதன்மேல் கை வைத்து, இனிக் கள்ளர்களைக் காவலுக்கு வைப்பதில்லை என்றார்கள். அடுத்தது பொக்கிஷம்: நம் கிராமங்களில் பண்டு என்று வழங்குகிறோமே, அதுபோல ஒரு பொதுப்பணம் திரட்டி, ஆடு மாடு இழந்தவனுக்கும் வீடு எரிந்தவனுக்கும் அதிலிருந்து நஷ்டஈடு கொடுத்தார்கள். இது மிக நுட்பமான யோசனை என்று நான் நினைக்கிறேன்; ஒருவனுடைய வைக்கோற்போரைக் கொளுத்தி மற்றவர்களைப் பயமுறுத்தும் வித்தை, நஷ்டம் எல்லார் தலையிலும் சமமாக விழுந்ததும் பலமிழந்துபோகிறது. பிறகு சேனை: இரவில் ஊரைச் சுற்றி ரோந்து வருவதற்குத் தங்களுக்குள்ளேயே முறைவைத்து ஆள் நியமித்தார்கள். அதற்குத் தந்தி: ஊருக்கு ஊர் கொம்பு வாங்கி வைத்து, ஓரிடத்தில் களவு என்றதும் ஊதினால் அடுத்த ஊர் அதைக் கேட்டு ஊதவும், அதைக் கேட்டு அதற்கடுத்த ஊர் ஊதவும், திருடன் ஓடுவதைவிட வேகமாகச் செய்தி ஓடவும் செய்தார்கள். கடைசியாகத் தண்டம்: கொம்புச் சத்தம் கேட்டும் பாயை விட்டு எழுந்திராதவனுக்கு இன்ன தொகை அபராதம் என்று ஒரு விகிதம். திருடனுக்கு எதிராகச் செய்த ஏற்பாட்டில் அபராதம் திருடனுக்கு அன்று, தூங்கியவனுக்கு! மனித சுபாவத்தை இதைவிட நன்றாக அறிந்தவர்கள் சட்டம் எழுதியதை நான் பார்த்ததில்லை.

இதன் பலனாகத்தான் சால்கள் கிணற்றடியில் கிடந்தன. வடபாகத்து ஊர்களில் கள்ளர்கள் பலர் நிலத்தை விற்றுவிட்டு வெளியேறினார்கள். நிலம் வைத்திருந்தவர்கள், அதாவது உழுது குடியிருந்தவர்கள், போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். களவு செய்தவன் எவன், செய்யாதவன் எவன் என்று கொம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. வெளியேறாத இடங்களில் எதிர்த்து நின்றார்கள். சில ஊர்களில் பெருந்திரளாகக் கூடிக் குடியானவர்களை அச்சுறுத்த முயன்றபோது கலகம் மூண்டது. ஒரு கிராமத்தில் மூன்று கொலைகள் விழுந்து, கள்ளர் குடியிருப்பு முழுவதும் எரிந்து சாம்பலாயிற்று. 1896 ஆகஸ்டில், திண்டுக்கல் டிவிஷனைச் சேர்ந்த இரண்டு கிராமங்களில், கிராமத்தார் பெருங்கூட்டமாகச் சென்று கள்ளர்களைத் தாக்கி அவர்களுடைய வீடுகளைக் கொளுத்தினார்கள். காவலுக்காகத் திரட்டிய கூட்டம், காவல் செய்ய வேண்டிய வேலை தீர்ந்த பிறகும் கலையாமல் நின்று, தீப்பந்தம் எடுத்தது. அந்த வீடுகளிலும் குழந்தைகள் இருந்தார்கள், அந்த வீடுகளின் கிணற்றிலும் சால் இருந்தது. ஆறு மாத அமைதியைப் புகழ்கிறவன் இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்தே புகழ வேண்டியிருக்கும், என்னால் முடியவில்லை.

அரசியல் வன்முறையை ஆராயும் அறிஞர்கள் நம் காலத்தில் கேட்கிற கேள்விகள் பலவற்றுக்கு இந்தச் சிறு வரலாறு இடம் கொடுக்கிறது. அமெரிக்க அறிஞர் சார்லஸ் டில்லி 1985ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், அபாயத்தைத் தானே உண்டாக்கி அதிலிருந்து காப்பதற்கும் தானே கூலி வாங்குகிறவனுக்கும், ஐரோப்பாவில் ராஜ்யங்கள் தோன்றிய விதத்துக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டென்று வாதித்தார். சிசிலித் தீவின் மாஃபியாவைப் பற்றி 1993ல் நூல் எழுதிய டியேகோ கம்பெட்டா, அவர்கள் விற்பது களவையன்று, காவலையே என்றார். இவர்களிருவரும் துப்புக்கூலியைக் கேள்விப்பட்டிருந்தால் ஒரு அத்தியாயம் கூடியிருக்கும். மதுரைச் சீமையைப் பொறுத்தவரை, ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978ல் குற்றப் பரம்பரை என்ற பெயரையே மறுபரிசீலனைக்கு உட்படுத்தினார். டேவிட் ஆர்னல்ட் சென்னை மாகாணத்துக் கொள்ளைகளின் சமூகக் காரணங்களை ஆராய்ந்தார். ஆனந்த் பாண்டியன் 2005ல் இந்த 1896ஆம் வருஷத்துக் கிளர்ச்சியையே தனிப்பொருளாகக் கொண்டு எழுதினார். அரசாங்கம் குற்றம் என்று எழுதிவைத்த தாளில் இவர்கள் அரசியலைப் படித்தார்கள்.

தேசாந்தரத்து உதாரணம் ஒன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், சோட்டா என்ற மலைப்பிரதேசத்துக் குயுமால்கா என்னும் குக்கிராமத்தில், 1976ஆம் வருஷம் டிசம்பர் 29ஆம் தேதி, மாட்டுத் திருட்டால் சலித்துப்போன குடியானவர்கள் கூடி இரவு ரோந்துக் கூட்டம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். முறைவைத்து ஆள், வராதவனுக்குத் தண்டம், களவுக்கு ஊர்க்கூட்டத்தில் விசாரணை, எல்லாம் நம் திண்டுக்கல்லார் எண்பது வருஷத்துக்கு முன் செய்தவையே. அந்த வழக்கம் ஆயிரக்கணக்கான ஊர்களுக்குப் பரவியது, திருட்டும் வெகுவாக அடங்கியது. வித்தியாசம் முடிவில்தான். பெரு அரசாங்கம் அவர்களை முதலில் சந்தேகித்து, பின்னர் சகித்து, 2003ல் தனிச் சட்டமே இயற்றி அங்கீகரித்தது. இங்கே அத்தகைய சட்டம் எதுவும் பிறக்கவில்லை. தனக்குப் போட்டியாக இன்னொரு காவல்காரனைச் சகித்துக்கொள்ள ஆங்கில சர்க்காருக்கு மனமில்லை. அவன் காவல் கூலி வாங்குகிறவனானாலும் சரி, கொடுக்க மறுத்தவனானாலும் சரி.

காவலுக்கு வந்தவனே கட்சியாகிவிடும் விபத்து இருபதாம் நூற்றாண்டிலும் நம்மை விட்டபாடில்லை. 1987 ஜூலையில் அமைதிப்படை என்ற பெயரோடு இலங்கைக்குச் சென்ற இந்தியச் சேனை, அதே அக்டோபரில் யுத்தத்தில் ஒரு கட்சியாகி, 1990 மார்ச்சில் திரும்பியதை அறியாத தமிழர் இல்லை. அதன் நியாய அநியாயங்களை இங்கே விரிக்க விரும்பவில்லை. காக்கிறவனை யார் அழைத்தார், யார் படியளக்கிறார், அவன் வரம்பு மீறினால் யாரிடம் முறையிடுவது என்ற மூன்று கேள்விகளும் வேடசந்தூர்க் கிடைக்காரனுக்கும் யாழ்ப்பாணத்துக் கடைக்காரனுக்கும் ஒன்றே என்று மட்டும் சொல்லி விடுகிறேன்.

மதுரைச் சீமையின் காவல் சிக்கலுக்கு ஆங்கில சர்க்கார் கண்ட பரிகாரம் வேறு. வட இந்தியாவில் 1871 முதல் வழங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914 முதல் பிரமலைக் கள்ளர் ஊர்கள் ஒவ்வொன்றாக அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டன. கைரேகை வைக்க வேண்டும், அனுமதிச் சீட்டின்றி இரவில் ஊரைவிட்டுப் போகக் கூடாது. ஒரு காலத்தில் பிறருடைய இரவைக் காத்தவர்கள், இப்போது தங்களுடைய இரவுக்குச் சீட்டு வாங்க நின்றார்கள். 1920ஆம் வருஷம் ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மறுத்து நின்ற ஜனங்களின்மீது போலீஸ் சுட்டதில், ஒரு பெண் உட்பட 16 பேருக்குக் குறையாமல் மடிந்தார்கள். மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக வாதாடியதால் ரோசாப்பூ துரை என்று இன்றும் அவர்களால் நினைக்கப்படுகிறார். சட்டம் 1947ல் சென்னை மாகாணத்தில் ரத்தாயிற்று. அந்தச் சட்டகாலத்துச் சீர்திருத்த முயற்சியிலிருந்து எஞ்சி நிற்பவை பள்ளிக்கூடங்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களில் அவை கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயரில் நடந்துவருகின்றன.

வேடசந்தூர், எரியோடு, குஜிலியம்பாறை, வடமதுரைப் பக்கத்தில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். போலீஸ் அறிக்கை ஒருவர் பக்கத்துக் கதையைத்தான் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ தொண்ணூறு வயதுப் பாட்டி யாரேனும் இருந்தால், தம் தாத்தா காலத்துக் காவல் கூலியைப் பற்றியும், கொம்பு ஊதிய இரவுகளைப் பற்றியும், ஊரைவிட்டுப் போன குடும்பங்களைப் பற்றியும் என்ன கேட்டிருக்கிறார் என்று விசாரித்து, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். கோனார் வீட்டில் ஒன்று எழுதினால், கள்ளர் வீட்டில் ஒன்று எழுதுங்கள். பரண்மேல் பழைய கொம்பு கிடந்தால் அதைப் பழைய இரும்புக்காரனுக்கு எடைபோட்டு விடாதீர்கள்.